பெயர் வரைக்கும் தண்ணீர்

14-11-1995, செவ்வாய்.

சனிக்கிழமைப் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. "பத்தமடையில் நல்ல உபசரிப்பு. வீடு பிடித்திருந்தது" என்று எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. உள்ளதை எழுதினால் மறுநாள் நானே அதைப் படிக்க வேண்டியிருக்குமே என்று பயந்து, ஒப்புக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இப்போது திருத்தி எழுதுகிறேன். இது கதையல்ல. எனக்கு நடந்தது. மாலை நேரத் தட்டச்சு வகுப்பில், அடித்த தாளையே மூன்று முறை சரிபார்க்கிறவள் நான். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவள். இதையும் அப்படித்தான் மூன்று நாளாக இழுத்து இழுத்துப் பார்த்தேன். இருட்டில் கண் ஏமாற்றியிருக்கலாம், பசியாக இருக்கலாம், மழைச் சத்தமாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று மத்தியானம்வரை பாதி நம்பிக்கையாவது இருந்தது. இன்று மத்தியானத்தோடு அதுவும் போயிற்று.

சாலோமி அக்காவுக்கு முப்பத்தொரு வயது. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஐந்து வரன் வந்து, ஐந்தும் தட்டிப்போயின. அம்மா நான்கு வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி போடுவதிலிருந்து, அவர்கள் போன பிறகு சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவுவதுவரை எல்லாம் அக்காதான். ஆறாவதாக வந்தவர் ஹெப்ரான். சேரன்மகாதேவியில் ஓர் அலுவலகத்தில் வேலை. பத்தமடையில் சொந்த வீடு. இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள், பிள்ளை இல்லை என்று தரகர் சொன்னார். சனிக்கிழமை அப்பா தேவசிகாமணி, அக்கா, நான் மூன்று பேரும் வீடு பார்க்கப் போனோம்.

பஸ்ஸில் அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "ஏட்டி ஸ்வீட்லின், மாப்பிள்ள வீட்டுல போயி எழுத்துப்பிழ பாக்காத. வாய மூடிக்கிட்டு இரி."

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மதியம் வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. பாளையங்கோட்டை தாண்டும்போதே தொண்டை வறண்டுவிட்டது. நாலரை மணிக்குப் பத்தமடையில் இறங்கினோம். தூறல்.

ஹெப்ரானின் அம்மா ஞானத்தங்கம் வாசலுக்கே வந்து அக்காவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். நல்ல முகம். மெதுவான பேச்சு. அக்காவைப் பக்கத்தில் உட்கார்த்தி, ஈரத் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்கள். அம்மா போன பிறகு அக்காவின் தலையை யாரும் துடைத்துப் பார்த்ததில்லை. அக்காவின் கண் கலங்கியது.

"தாயில்லாப் பிள்ளன்னு நெனைக்காண்டாம்" என்றார்கள் அப்பாவிடம். "பிள்ளப்பேறுகூட இங்கனயே வச்சு நான் பாத்துக்கிடுதேன். ஒங்களுக்கு ஒரு அலச்சலும் வேண்டாம்."

அப்பா பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கிய பெருமூச்சு.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. தண்ணீர் தரவில்லை. எங்கள் பக்கம் படியேறி வந்தவருக்கு முதலில் ஒரு செம்புத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். இங்கே நேராகக் காபி வந்தது. அதுவும் பீங்கான் கோப்பையில். முறுக்கு பிளாஸ்டிக் தட்டில். வீட்டில் எவர்சில்வர் சாமான் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கல்யாணமாகி ஒரு மருமகள் வந்துபோன வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர்கூடவா இருக்காது?

"அத்த, கொஞ்சம் தண்ணி..." என்றேன்.

"காப்பிக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதும்மா. பைய குடிக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அக்கா என்னை முறைத்தாள். நான் அடங்கிவிட்டேன்.

மழை வலுத்தது. ஓடைப் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, பஸ் நேரமாகும் என்று ஹெப்ரான் போய்க் கேட்டு வந்து சொன்னார். ஆறு பத்துக்குக் கரண்ட் போனது. அரிக்கேன் விளக்கு ஏற்றினார்கள். அப்பா, மழை நிற்கும்வரை ஜெபம் பண்ணலாம் என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அப்பாவின் ஜெபம் நீளமானது என்று எனக்குத் தெரியும்.

நான் கண்ணைத் திறந்து எழுந்தேன். ஒரு சிமினி விளக்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். தாகம். வேறு எண்ணமே எனக்கு இல்லை.

அடுப்படி சுத்தமாக இருந்தது. மூலையில் மண்பானை. அதன் மேல் தட்டு. தட்டின் மேல் அம்மிக் குழவி.

தண்ணீர்ப் பானையை யாராவது குழவி வைத்து அமுக்கி மூடுவார்களா? எலிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் குழவியைத் தூக்கிக் கீழே வைத்தேன். முகர்ந்து குடிக்க ஏதாவது இருக்கிறதா என்று விளக்கைத் திருப்பினேன்.

மேடையின் மேல் ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது. எவர்சில்வர் டம்ளர். நான் உள்ளே வந்தபோது மேடை காலியாக இருந்ததாகத்தான் ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்துக்கு நான் சத்தியம் செய்யமாட்டேன்.

எடுத்தேன். சில்லென்று இருக்க வேண்டும், மழைக்காலம். இல்லை. இளஞ்சூடு. அப்போதுதான் யாரோ கையிலிருந்து இறக்கி வைத்த மாதிரி.

பானையில் முக்கி எடுத்தேன். நிறைந்து வழிந்தது. அண்ணாந்து வாயில் ஊற்றினேன்.

ஒன்றும் விழவில்லை.

டம்ளரைப் பார்த்தேன். காலி. சரியாக முகரவில்லை போலும் என்று நினைத்தேன். மறுபடியும் முகர்ந்தேன். இந்த முறை தண்ணீருக்குள் விளக்கின் சுடர் தெரிந்தது. நிச்சயமாகத் தெரிந்தது. டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, சரிந்த விளக்கை நேராக வைத்தேன். திரும்பினேன்.

காலி. விரலை உள்ளே விட்டேன். அடியில் ஈரம்கூட இல்லை.

ஓட்டை டம்ளரா? அப்படியானால் மேடை நனைந்திருக்க வேண்டும். மேடை உலர்ந்திருந்தது. சுற்றிலும் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. நடுவயிற்றில் மட்டும் சின்னச் சின்னப் புள்ளியாகச் சொரசொரப்பு. சீர்ப் பாத்திரத்தில் கடைக்காரர் மெஷினால் பெயர் வெட்டுவாரே, அது. விளக்கு அருகில் இருந்தும் எழுத்து தெரியவில்லை. கட்டை விரலால் தடவித்தான் படித்தேன்.

கனி.

அந்தப் பெயரை அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாம் முறை முகர்ந்தேன். இந்த முறை குடிக்க அல்ல. பார்க்க. மேடையில் வைத்தேன். கையை எடுத்தேன். கண் இமைக்காமல் நின்றேன்.

தண்ணீர் இறங்கியது.

மெதுவாக... விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை... இரண்டு விரற்கடை...

சத்தமும் வந்தது. மழைச் சத்தம் இல்லை.

மடக்... மடக்... மடக்...

யாரோ மூச்சு விடாமல் குடிக்கிற சத்தம்.

எனக்கு முன்னால் யாரும் இல்லை.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். கூடத்தில் அப்பாவின் ஜெபம் கேட்டுக்கொண்டே இருந்தது.

டம்ளர் காலியானது.

பிறகு... அது நகர்ந்தது.

பானைப் பக்கமாக. ஒரு சாண்.

டக்.

நின்றது. நான் அசையவில்லை.

டக்... டக்.

கேட்டது. ஆமாம், அப்படித்தான் சொல்ல வேண்டும். இன்னும் கேட்டது.

நான் ஊற்றினேன். ஏன் ஊற்றினேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். பயத்தில்தான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவ்வளவு பயந்தவள் ஓடியிருப்பாள். நான் ஓடவில்லை. அந்தச் சத்தத்தில் ஒரு அவசரம் இருந்தது. யாராவது வந்து பிடுங்கிவிடுவார்களோ என்கிற அவசரம்.

ஊற்றினேன். மடக் மடக்.

ஊற்றினேன். மடக் மடக்.

ஊற்றினேன்...

பானையின் அடியில் டம்ளர் தட்டியது. தண்ணீர் தீர்ந்துவிட்டது.

என் கழுத்துக்குப் பின்னால் ஒரு மூச்சு. நீளமாக. ஈரமாக.

அதே நேரம் வாசலில் வெளிச்சம்.

ஞானத்தங்கம் அரிக்கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே கிடந்த குழவியைப் பார்த்தார்கள். எட்டிப் பானைக்குள் பார்த்தார்கள். ஆறேழு செம்புத் தண்ணீர் கொள்கிற பானை. நான் குடித்தேனா என்று கேட்கவில்லை. கொட்டிவிட்டேனா என்றும் கேட்கவில்லை.

"எவ்வளவு குடுத்த?" என்றார்கள்.

நான் மேடையைக் காட்டினேன். மேடையில் டம்ளர் இல்லை. வட்டமாக ஒரு ஈரத்தடம் மட்டும் இருந்தது.

அவர்கள் சேலைத் தலைப்பால் அந்த ஈரத்தைத் துடைத்தார்கள். மாலையில் அக்காவின் தலையைத் துடைத்த அதே மெதுவோடு துடைத்தார்கள்.

"குடுக்கக் கூடாதும்மா" என்றார்கள். "பச்ச ஒடம்பு."

எட்டு மணிக்குப் பஸ் வந்தது. ஜன்னலோரம் அக்கா. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு.

"எப்படிட்டி இருக்கு வீடு?"

"நல்லாருக்கு" என்றேன்.

அதைத்தான் வீட்டுக்கு வந்து எழுதியும் வைத்தேன்.

ஞாயிறும் திங்களும் வேலை ஓடவில்லை. வகுப்பில் ஒரே வரியில் ஆறு பிழை. இன்று காலை அப்பா, தம்பதிக்கு ஒரு பத்தமடைப் பாய் சொல்ல வேண்டும் என்றார். அதைச் சாக்காக வைத்து, நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று இன்று மத்தியானம் தனியாகக் கிளம்பினேன்.

ஞானத்தங்கம் வீட்டுக்குப் பின்வீடு ஹமீது பீவியுடையது. இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரே சுவர். ஐம்பது வயதிருக்கும். பாய்த் தறியில் உட்கார்ந்திருந்தார்கள். பாய் யாருக்கு என்று கேட்டதும் சொன்னேன். கோரையைத் தறியில் கோத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பொண்ணுக்குத் தாய் இருக்காளா?"

"இல்ல பெரியம்மா."

"கனிக்கும் இல்ல" என்றார்கள்.

கனிதான் முதல் மனைவி. "மஞ்சக் காமாலன்னு சொன்னாவ..."

"எவ சொன்னா? பிள்ளப்பேறுளா. தாய் இருந்தா தாய்வீட்டுக்குப் போயிருப்பா. இல்லாததால இங்கன வச்சே பேறு பாத்தாவ. பிள்ள அன்னைக்கே போயிட்டு. அவளுக்குக் காய்ச்ச. சித்திர வெயிலு. தண்ணி தண்ணின்னு கெடந்து கத்துதா."

"குடுக்கலையா?"

"பெத்தவளுக்குத் தண்ணி குடுத்தா வயிறு ஊதிரும், சன்னி வந்திரும்னு ஒரு பேச்சு உண்டும்லா. நாங்களும் கொறச்சுத்தான் குடுப்போம். ஆனா இப்பிடியா? டம்ளர்ல அவ பேரு வெட்டியிருந்துச்சு. அதாம் அளவு. பேரு வரைக்கும் வெந்நி. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பேருக்கு மேல ஒரு சொட்டு கெடையாது."

நான் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் செவத்துக்கு மேல ஒரு செம்பு தண்ணிய நீட்டுனேன். ஞானம் அத வாங்கி முருங்கைக்கு ஊத்திட்டா. 'ஹமீதக்கா, எம் மருமவளக் கொன்னுராதிய'ன்னு என்னய வையுதா! கெட்டவ இல்லளா அவ. அழுதுக்கிட்டேதான் அளந்து ஊத்துனா. அவ மாமியா அவளுக்கு அப்பிடித்தான் செஞ்சாளாம். அவ பொழச்சுக்கிட்டா. அதான் வெனையாப் போச்சு." கண்ணைத் துடைத்தார்கள். "அஞ்சாம் நாளு சத்தம் நின்னுட்டு. அல்லாவே, நாங்கூட தூங்கிட்டா போலன்னுதான் நெனச்சேன்."

பிறகு நான் கேட்டேன். கேட்காமல் எழுந்து வந்திருக்கலாம்.

"அந்த டம்ளர் இப்ப அந்த வீட்டுலதான் இருக்கா?"

"ஏது? இல்லையே." ஹமீது பீவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "அவ அண்ணன் பாக்கியசீலன் வந்தான்லா. தங்கச்சிக்குக் குடுத்த சீர்ப் பாத்திரம் பூராத்தையும் சாக்குல கெட்டிட்டான். அந்த ஒண்ண மட்டும் வெளிய எடுத்தான். பொட்டிய மூடுததுக்கு முன்னால, வாய் முட்டத் தண்ணி ஊத்தி, அவ கைக்குப் பக்கத்துல வச்சான். 'இனியாவது குடி தாயி'ன்னான். தெருவே பாத்துக்கிட்டுதான நின்னுச்சு? அதோட சேத்துத்தான் ஆணி அடிச்சாவ."

"பெட்டிக்குள்ளயா?"

"மண்ணுக்குள்ள இருக்குளா, அது."

பாய் சொல்லவில்லை. வந்துவிட்டேன். பஸ்ஸில் என் வலது கட்டை விரலை இடது கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. அதுதான் வருத்தம். "செவத்துக்கு அங்கிட்டும் இங்கிட்டும் இருக்கவங்களுக்குள்ள ஆயிரம் தகராறு இருக்கும்மா. டம்ளர், பேயின்னு நாம பேசலாமா? ஜெபம் பண்ணிட்டுப் படு" என்றார். வருகிற மார்ச்சில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அதற்கு மேல் அவரை எதுவும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா எழுந்து போகும்வரை பேசவில்லை.

"டம்ளர் கெடக்கட்டும். தண்ணி குடுக்காதது நெசமாட்டி?"

"நெசம்."

கத்தி நின்றது. மறுபடி நறுக்கியது.

"வேண்டாம்னு சொல்லிரு அக்கா."

"சொல்லிட்டு? ஏழாவது வருவான்னு காப்பித்தூள் வாங்கி வைக்கவா?" சிரித்தாள். சிரிப்பில் ஒன்றுமில்லை. "அப்பாட்ட காலையிலயே சம்மதம்னு சொல்லிட்டேம்ட்டி. அப்பாவும் அங்க லெட்டர் போட்டாச்சு."

எனக்கு அழுகை வந்தது. அக்கா அவரைக்காய்க் கையோடு என் கன்னத்தைத் தட்டினாள்.

"அழுவாத. கல்யாணம் நடக்கட்டும். பிள்ளப்பேறுக்கு நான் அங்கன இருக்க மாட்டேன். இங்க வந்துருவேன்."

"இங்க யாரு இருக்கா பாக்கதுக்கு?"

"நீதாம்ட்டி."

"எனக்கு என்ன தெரியும்?"

"படிச்சுக்க. டைப்பு படிக்கல?"

எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்து, நிற்காமல் முழுவதையும் குடித்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

நாளை புதன். மாலை வகுப்புக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு எங்கள் தெருக்கோடி நர்ஸ் இசக்கித்தாய் அக்கா வேலை முடிந்து வருவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.